பட்டுப்புழு மனைக்கு வெளியே விறகு அடுப்பு, உள்ளே வெந்நீர்க் குழாய்

கார்த்திகை பிறந்து தை முடியும் வரை கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், அஞ்செட்டி பக்கம் இரவு வெப்பம் 15 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். தர்மபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, மாரண்டஹள்ளி பக்கம் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தோல் உரித்து உரித்து ஐந்து பருவமாக வளரும் பட்டுப்புழுவுக்கு வேண்டியது மூன்றாம் பருவத்தில் 26 டிகிரி, நான்காம் பருவத்தில் 25, ஐந்தாம் பருவத்தில் 24. இருபதுக்குக் கீழே போனால் புழு இலையைத் தொடாமல் சோர்ந்து கிடக்கும். ஒரே தட்டில் சில புழு தோல் உரிக்கும், சில புழு இன்னும் தின்றுகொண்டிருக்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் சுண்ணக்கட்டி என்ற பூஞ்சை நோய் வரும்.

இதற்குப் பலர் செய்வது, மனைக்குள் குமுட்டி அடுப்பில் கரியைப் போட்டுக் கதவைச் சாத்துவது. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். அடைத்த அறையில் கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. புழுவுக்குக் காவலாக உள்ளேயே படுத்துத் தூங்குகிறவர் எழாமலே போகலாம். புழுவுக்கும் அந்தக் காற்று ஆகாது. அடுப்புக்குப் பக்கத்துத் தட்டு காயும், மூலைத் தட்டு குளிரும் என்பது வேறு.

நெருப்பை வெளியே வைத்து வெந்நீரை மட்டும் உள்ளே அனுப்பினால் இந்தச் சிக்கல்கள் இல்லை. மனையிலிருந்து இருபது அடி தள்ளி ஒரு விறகு அடுப்பு. அதைச் சுற்றி 500 லிட்டர் தண்ணீர். மனைச் சுவர் ஓரமாக இரண்டு வரிசை இரும்புக் குழாய். புகை, சாம்பல், தீப்பொறி எதுவும் மனைக்குள் வராது. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க இதே அமைப்பை வீட்டுக்கு வெளியே வைப்பவர்கள் உண்டு.

எவ்வளவு சூடு வேண்டும்

கணக்குப் போடாமல் தொட்டி செய்யக் கொடுக்காதீர்கள். 30 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயர மனையை எடுத்துக்கொள்வோம். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், சிமென்ட் ஷீட் கூரை, அதன் அடியில் பொய்க்கூரை. வெளியே 15, உள்ளே 25 டிகிரி என்றால் சுவர் வழியாக மணிக்குச் சுமார் 1,600 கிலோ கலோரி போகும். கூரை வழியாக 1,000, காற்றோட்டத்தில் 700, தரை வழியாக 300. ஆக 3,600. வாடைக்காற்று அடிக்கும் நாளையும் மனத்தில் வைத்து 4,300க்குத் திட்டமிடுங்கள்.

பொய்க்கூரை இல்லாவிட்டால் கூரை இழப்பு மட்டும் 2,900க்கு ஏறிவிடும். அதாவது மணிக்கு ஒரு கிலோ விறகு ஷீட் வழியாக வானத்துக்குப் போகிறது. அடுப்புக்குச் செலவழிக்கும் முன் பொய்க்கூரை போடுங்கள். ஜன்னல் சந்துகளை அடையுங்கள். மேலே உள்ள காற்றுப் போக்கிகளை மட்டும் திறந்து மூடும்படி விடுங்கள்.

நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோ கலோரி இருக்கும். உள்ளூர்ப் பட்டறையில் ஒழுங்காகச் செய்த அடுப்பில் அதில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 1,900, தண்ணீருக்கு வரும். இந்த மனைக்கு ஒரு இரவுக்கு 20 முதல் 25 கிலோ விறகு ஆகும். இளம்புழு வளர்த்துத் தரும் சாக்கி சென்டரிலிருந்து மூன்றாம் பருவத்தில் புழு வாங்கி வந்து கூடு கட்டும் வரை இருபது இரவு என்று வைத்தால், ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு முறை புழு வளர்ப்புக்கு, அரை டன்.

இடம் பார்ப்பது

மார்கழி, தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அடுப்பு மனைக்குத் தென்மேற்கில் இருந்தால் புகை மனையை விட்டு விலகிப் போகும். அதே திசையில் மல்பெரித் தோட்டம் நெருக்கமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இலையில் புகைக்கரி படிந்தால் புழு தின்னாது. மனையிலிருந்து குறைந்தது 20 அடி. கூரை கீற்றாக இருந்தால் 40 அடி. வைக்கோல் போருக்கு அருகில் வேண்டவே வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை பக்கத்து நிலங்கள் மேடும் பள்ளமுமாக இருப்பது இங்கே பெரிய வசதி. மனைத் தரையைவிட மூன்று நான்கு அடி தாழ்வான இடம் கிடைத்தால் அங்கேயே அடுப்பை வையுங்கள். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். மோட்டார் இல்லாமலே சுழற்சி நடக்கும். நள்ளிரவில் கரண்ட் போனாலும் மனை ஆறாது. சமதரை என்றால் குழி தோண்டி அடுப்பை இறக்காதீர்கள், மழைத் தண்ணீர் நிற்கும். அங்கே வெந்நீருக்கென்றே உள்ள சிறிய சுழற்சிப் பம்ப் வாங்கி, திரும்பி வரும் குழாயில் பொருத்தி, இன்வெர்ட்டரில் இணையுங்கள். நிமிடத்துக்கு 7 லிட்டர் ஓடினால் போதும். சாதாரணத் தண்ணீர்ப் பம்பின் சீல் சூட்டுக்குத் தாங்காது.

அடுப்பும் தொட்டியும்

பழைய 200 லிட்டர் டிரம்மை வெட்டிச் செய்வது ஆசையாக இருக்கும். அதன் தகடு மெல்லியது; நெருப்புப் படும் இடத்தில் வெகுநாள் நிற்காது. 6 மில்லிமீட்டர் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகடு வாங்குங்கள்.

வெளி உருளை 36 இஞ்ச் விட்டம், 45 இஞ்ச் நீளம், படுக்கை வாட்டில். அதற்குள், அடியிலிருந்து 3 இஞ்ச் மேலே, 20 இஞ்ச் விட்டத்தில் நெருப்பு உருளை. இது முன் தகட்டிலிருந்து பின் தகடு வரை ஊடுருவிப் போக வேண்டும். பின்னால், உள்ளே தீச்செங்கல் பதித்த ஒரு பெட்டி. தீ அந்தப் பெட்டியில் திரும்பி, நெருப்பு உருளைக்கு மேலே தண்ணீருக்குள் பதித்த மூன்று 3 இஞ்ச் குழாய்கள் வழியாக மறுபடி முன்பக்கம் வரும். முன்பக்க மேல் பெட்டியில் புகைபோக்கி நிற்கும். புகை இப்படி ஒரு முறை திரும்பி வந்தால்தான் சூடு தண்ணீருக்கு இறங்கும். பின்னாலேயே புகைபோக்கி வைத்துச் செய்து தரும் பட்டறைகள் உண்டு. வேலை சுலபம், விறகு நிறையத் தின்னும். இந்த அளவில் தண்ணீர் கிட்டத்தட்ட 500 லிட்டர் பிடிக்கும்.

பின் பெட்டிக்கும் முன் பெட்டிக்கும் போல்ட் போட்டுக் கழற்றும் மூடி கட்டாயம். இல்லாவிட்டால் குழாயில் படியும் கரியைத் துடைக்க வழியில்லை. தட்டையான முன், பின் தகடுகள் உப்பாமலிருக்க, மேல் பாதியில் 16 மில்லிமீட்டர் கம்பி நான்கு இரண்டையும் இணைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

நெருப்பு உருளையின் முன் 24 இஞ்சுக்கு மட்டும் வார்ப்பிரும்புச் சலாகைத் தட்டு. அதன் பின்முனையில் 6 இஞ்ச் உயரத்துக்குத் தீச்செங்கல் தடுப்பு. கங்கு பின்னால் சரியாமல் இருக்கும், தீயும் மேலெழும்பிக் கலந்து எரியும். விறகுக் கதவு தனி, கீழே சாம்பல் கதவு தனி. காற்றைக் கூட்டிக் குறைக்கும் வில்லை சாம்பல் கதவில் இருக்கட்டும். விறகுக் கதவிலும் கட்டைவிரல் அளவு மூன்று துளை வையுங்கள். விறகிலிருந்து கிளம்பும் வாயு எரிய அந்த மேல்காற்று வேண்டும்.

தொட்டியின் உச்சியில் 2 இஞ்ச் சூட்டு வழி, அடியில் 2 இஞ்ச் திரும்பு வழி, இன்னும் அடியில் வண்டல் வெளியேற ஒன்றரை இஞ்ச் வால்வு, ஒரு வெப்பமானிக் குழி.

தொட்டியைப் போர்த்துவதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். 80 டிகிரித் தண்ணீரோடு வெற்றாக நிற்கும் இந்தத் தொட்டி மணிக்கு 2,500 கிலோ கலோரிக்கு மேல் வெளியே விடும். மனைக்கு வேண்டியதில் முக்கால் பங்குக்குக் கிட்ட அது. நான்கு இஞ்ச் கண்ணாடிக் கம்பளி சுற்றி மேலே ஜி.ஐ. ஷீட் போர்த்தினால் இழப்பு 100 கிலோ கலோரி அளவுக்கு வந்துவிடும். செலவைக் குறைக்க, சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பி இடையில் உமிச் சாம்பல் நிரப்பலாம். உமி வேண்டாம், அது தீப்பிடிக்கும்.

புகைபோக்கி 6 இஞ்ச் விட்டம், தரையிலிருந்து 15 அடி. மனை முகடு அதைவிட உயரம் என்றால் முகட்டுக்கு மேல் 3 அடி. உச்சியில் தீப்பொறி பிடிக்கக் கம்பி வலை, மழைக்குத் தொப்பி.

மூடாத காற்றுக் குழாய்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். தொட்டியின் உச்சியிலிருந்து ஒன்றேகால் இஞ்ச் குழாய் ஒன்று நேராக மேலே ஏறி வெளிக்காற்றுக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதில் வால்வு கூடாது, அடைப்பான் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அடைத்த தொட்டியில் தண்ணீர் கொதித்தால் அது வெடிகுண்டு. ஓசூர் பகுதி கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஓட்டும் வெப்பத்தை 80க்கு மேல் ஏற விடாதீர்கள்.

தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 80க்குப் போகும்போது, தொட்டியும் குழாயும் சேர்ந்த 625 லிட்டர், ஏறக்குறைய 17 லிட்டர் விரியும். அதற்கு 50 லிட்டர் சிறு தொட்டி ஒன்றை, மனைக்குள் உள்ள மிக உயரமான குழாயைவிட 3 அடி மேலே வையுங்கள். அதன் அடியிலிருந்து ஒரு குழாய் திரும்பு வழியில் சேரும். இதிலும் வால்வு வேண்டாம். காற்றுக் குழாயை வளைத்து இந்தச் சிறு தொட்டிக்கு மேல் கவிழ்த்து விட்டால், பொங்கினாலும் தண்ணீர் அதற்குள்ளேயே விழும். குளிர்ந்த நிலையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கட்டும். இப்படித் திறந்த அமைப்பாக, கொதிநிலைக்குக் கீழே வைத்து ஓட்டினால் நீராவி பாய்லர் சட்டத்தின் வரம்புக்குள்ளும் வராது. அடைத்து நீராவி எடுக்க நினைத்தால் கதை வேறு.

மனைக்குள் குழாய்

2 இஞ்ச் எம்.எஸ். குழாய், தரையிலிருந்து 9 இஞ்சில் ஒரு வரிசை, 18 இஞ்சில் ஒரு வரிசை, சுவரிலிருந்து 3 இஞ்ச் தள்ளி. வாசலின் ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் முடியட்டும். வாசலுக்கு அடியில் குழாயைப் புதைத்துக் கடக்கப் பார்த்தால் வாட்டம், அதாவது குழாயின் சரிவு, கெடும். இரு வரிசையும் சேர்த்து 190 அடி வரும். தண்ணீர் சராசரி 65 டிகிரி இருக்கும்போது இது மணிக்கு 3,900 கிலோ கலோரி தரும். 80க்குப் பக்கத்தில் இன்னும் கூடுதல்.

இரண்டு வரிசையையும் இணையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவது போலத் தொடராக இணைத்தால் பம்ப் இல்லாத சுழற்சி திணறும். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு வால்வு வைத்தால் பின்னால் சரிசமம் செய்ய உதவும்.

வாட்டம்தான் இந்த வேலையின் உயிர். அடுப்பிலிருந்து வரும் சூட்டுக் குழாய் இடையில் எங்கும் தாழாமல் ஏறிக்கொண்டே மனைக்குள் வரவேண்டும். வந்த இடமே உச்சி. அங்கே ஒரு காற்று நீக்கி. அதன்பின் பத்தடிக்கு அரை இஞ்ச் வீதம் இறங்கிக்கொண்டே போய்த் திரும்பு வழியில் சேர வேண்டும். ட்யூப் லெவலில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கண் மதிப்பை நம்பாதீர்கள். ஒரு இடத்தில் குழாய் முதுகு தூக்கினால் அங்கே காற்று அடைத்து, அதற்கு அப்பால் முழுவதும் குளிர்ந்து கிடக்கும்.

முப்பது அடிக் குழாய் சூட்டில் 5 மில்லிமீட்டர் நீளும். கிளாம்பை இறுக்காமல் குழாய் வழுக்கும்படி விடுங்கள். சுவரைத் துளைக்கும் இடத்தில் பெரிய குழாய்த் துண்டை உறையாகப் போடுங்கள். வெள்ளி நிறப் பெயிண்ட் அடிக்காதீர்கள், அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பளபளக்காத அடர்நிற ஆயில் பெயிண்ட் போதும். பெயிண்ட் வாடை முற்றிலும் போகும்வரை, புழு வரும் முன் நான்கைந்து நாள் காய வைத்து ஓட்டிவிடுங்கள். புழுத் தட்டு வைக்கும் தாங்கிகளின் நைலான் வலையும் பிளாஸ்டிக் தாளும் குழாயிலிருந்து 9 இஞ்சாவது விலகியிருக்கட்டும்.

அடுப்புக்கும் மனைக்கும் இடையே மண்ணுக்குள் போகும் இரு குழாய்க்கும் ரப்பர் நுரை உறை போட்டு, 6 இஞ்ச் பிவிசி குழாய்க்குள் நுழைத்துப் புதையுங்கள். ஈரம் புகுந்த உறை உறையே அல்ல. சூடெல்லாம் மண்ணுக்குப் போகும். வெந்நீரையே சாதாரண பிவிசியில் விடாதீர்கள், 60 டிகிரி தாண்டினால் இளகித் தொங்கும்.

தண்ணீர் நிரப்புவது

போர்வெல் தண்ணீர் நம் இரு மாவட்டத்திலும் பெரும்பாலும் உப்பு. சூடானால் சுண்ணாம்பு படிந்து தகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே சுவர் போல நிற்கும், தகடு தாங்காமல் எரியும். முதல் நிரப்பலுக்குக் கூரையில் பிடித்த மழைநீர் சிறந்தது, ஒகேனக்கல் குடிநீர் அடுத்தது. அந்தத் தண்ணீரே வருடக்கணக்கில் சுற்றட்டும். குளிக்க, மாட்டுக்கு வைக்க என்று இதிலிருந்து மொள்ளாதீர்கள். புதுத் தண்ணீர் சேரச் சேர உப்பும் துருவும் சேரும். வீட்டுக்கு வெந்நீர் வேண்டுமானால் தொட்டிக்குள் 40 அடிச் செம்புக் குழாய்ச் சுருள் வைத்துத் தனியாக எடுங்கள்.

போர்வை சுற்றும் முன்பே கசிவு பாருங்கள். தொட்டி உச்சியில் 15 அடி டியூபை நிமிர்த்திக் கட்டி, அது நிறையத் தண்ணீர் விட்டு ஒரு நாள் வையுங்கள். மட்டம் இறங்கினால் வெல்டிங்கைத் தேடுங்கள்.

விறகு

மல்பெரித் தண்டே முதல் விறகு. கிளையோடு இலை போடும் முறையில் ஒவ்வொரு ஈட்டுக்கும் குவியும் தண்டை இரண்டு மாதம் வெயிலில் நிறுத்திக் காய வைத்தால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் எரிந்துவிடும். அதோடு நின்று எரிய சீமைக்கருவேலம், புளி, மா என்று கனத்த கட்டை கலந்து கொள்ளுங்கள். நான்கு இஞ்ச் தடிமனுக்குப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு ஆறு மாதம் அடுக்குங்கள். ஆடிக்குள் பிளந்தால் தைக்கு உதவும். கார்த்திகையில் வெட்டினால் புகைதான் மிச்சம். இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், முனையில் வெடிப்பு தெரிய வேண்டும். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு கிலோவும் ஆவியாகப் போக 600 கிலோ கலோரியைத் தூக்கிக்கொண்டு போகும்.

நோய் கண்ட ஈட்டின் தண்டை அடுக்கி வைக்காமல் உடனே எரித்துவிடுங்கள். விறகுப் போர் மனையை ஒட்டி இருந்தால் எலி, எறும்பு, பல்லி எல்லாம் அங்கிருந்து உள்ளே வரும். புகையிலைத் தட்டு, பூச்சிமருந்துப் பெட்டி, பெயிண்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக் எதையும் இந்த அடுப்பில் போடக்கூடாது. புகையிலை வாடையே புழுவுக்கு விஷம்.

ஓட்டும் முறை

நன்றாக எரிய விடுங்கள், சூட்டைத் தண்ணீரில் சேமியுங்கள், பிறகு அணைய விடுங்கள். இந்த அடுப்பை ஓட்டும் முறை இவ்வளவுதான். ராத்திரி முழுக்கத் தூங்கலாம் என்று உருளை நிறையக் கட்டையைத் திணித்துக் காற்றை அடைத்துக் கனல விடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கனலும் விறகு பாதி வாயுவை எரிக்காமலே வெளியே விடும். அது புகைபோக்கியில் தாராகப் படியும், ஒருநாள் அந்தத் தார் பற்றிக்கொள்ளும். ஈரப்புகை தகட்டில் வேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும்.

முதல் நாள் தொட்டி குளிர்ந்திருப்பதால் 18 கிலோ போல ஆகும், பகலிலேயே தொடங்குங்கள். அப்போது உருளைக்குள் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். குளிர்ந்த தகட்டில் புகையின் ஈரம் வேர்ப்பது அது, 55 டிகிரி தாண்டியதும் நின்றுவிடும். நிற்காவிட்டால்தான் கசிவு.

மறுநாளிலிருந்து மாலை 7, இரவு 11, அதிகாலை 3 என்று மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் 7 முதல் 9 கிலோ. ஏற்றும் முன் சிறு தொட்டியின் மட்டம் பாருங்கள். காய்ந்த தென்னம்பாளையும் மல்பெரிக் குச்சியும் வைத்துப் பற்ற வையுங்கள், உருளையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடைக்காதீர்கள். பதினைந்து நிமிடத்தில் புகைபோக்கியில் வெறும் காற்று நெளிவது மட்டும் தெரிய வேண்டும். வெள்ளைப் புகை என்றால் விறகு ஈரம், கருப்புப் புகை என்றால் காற்று போதவில்லை. தண்ணீர் 80 தொட்டதும் புது விறகு போடாதீர்கள். அது 55க்கு இறங்க மூன்றரை மணி நேரம் ஆகும், அதுதான் அடுத்த வேளை.

எரியும்போது கதவைத் திறக்க வேண்டியிருந்தால் சாம்பல் கதவை முதலில் மூடி, விறகுக் கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்து அரை நிமிடம் நில்லுங்கள். சட்டென்று திறந்தால் உள்ளே தேங்கிய வாயு பற்றி முகத்தில் அடிக்கும்.

வெப்பமானி மூன்று தொங்கவிடுங்கள்: கீழ்த் தட்டு, மேல் தட்டு, வாசலுக்கு எதிர்மூலை. மேலும் கீழும் மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மெதுவாகச் சுற்றும் ஒரு மின்விசிறி போதும்.

ஈரத்தை மறந்துவிடாதீர்கள். வெளியே 15 டிகிரியில் 90 சதவீத ஈரம் உள்ள காற்றை 25க்குச் சூடாக்கினால் ஈரம் 48 சதவீதமாகிவிடும். மூன்றாம் பருவத்துக்கு வேண்டியது 80, நான்காம் பருவத்துக்கு 70 முதல் 75. இலை தட்டிலேயே வாடிவிடும். குழாயின் மேல் நனைத்த சாக்கு விரியுங்கள், அகலத் தட்டில் தண்ணீர் வையுங்கள். தோல் உரிக்கும் நேரத்தில் சாக்கை எடுத்துவிடுங்கள், படுக்கை காய்ந்திருக்க வேண்டும். ஐந்தாம் பருவத்தில் புழுவே நிறைய ஈரத்தை விடும். காற்றுப் போக்கியைத் திறந்து வையுங்கள், கொஞ்சம் சூடு போனாலும் சரி. கூடு கட்டுவதற்கான தட்டியான சந்திரிகையில் புழுவை ஏற்றிய பின் 24, 25 டிகிரியும் 65 சதவீதத்தை ஒட்டிய ஈரமும் இருந்தால் கூடு இறுகும்.

கோளாறுகள்

ஒரு வரிசை சுட்டு மற்றொன்று குளிர்ந்தால் காற்று நீக்கியைத் திறந்து பாருங்கள். காற்று வராவிட்டால் சூடான வரிசையின் வால்வைக் கால் சுற்று மூடுங்கள். தொட்டிக்குள் தடதடவென்று அடித்தால் கொதிக்கிறது: காற்று வில்லையை மூடுங்கள், மனை ஜன்னல்களைத் திறக்காமல் குழாய் வால்வு எல்லாம் திறந்திருக்கிறதா, பம்ப் ஓடுகிறதா பாருங்கள். நெருப்பின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். தொட்டியில் தண்ணீர் வற்றிப்போனதாகச் சந்தேகம் வந்தால் பச்சைத் தண்ணீரை உடனே விடவே கூடாது; காய்ந்த தகட்டில் பட்டால் ஆவி சீறும், வெல்டிங் விரியும். நெருப்பை ஈர மண் போட்டு அமுக்கி, முழுதும் ஆறிய பின் நிரப்புங்கள். சிறு தொட்டியில் மட்டம் வாரம் இரண்டு விரலுக்கு மேல் குறைந்தால் எங்கோ கசிகிறது. கங்கில் 'சுர்' என்ற சத்தம் கேட்கிறதா கவனியுங்கள்.

மூன்று குழாய்களையும் பத்து நாளுக்கு ஒருமுறை கம்பி பிரஷ்ஷால் துடையுங்கள். புகைக்கரி ஒரு நகக்கனம் படிந்தாலே விறகு கூடுதலாகத் தின்னும். சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் இரண்டு நாள் வைத்த பிறகே வெளியே கொட்டுங்கள். தோட்டத்தில் போடுவதானால் மண் பரிசோதனை பார்த்துப் போடுங்கள், மல்பெரிக்கு 6.2 முதல் 6.8 வரையான கார அமில நிலை ஏற்றது, ஏற்கெனவே களர் உள்ள மண்ணில் சாம்பல் கெடுதல் செய்யும்.

மாசி வந்ததும் சாம்பலை ஒரு துகள் விடாமல் வழித்தெடுங்கள். சாம்பல் காற்றின் ஈரத்தை இழுத்துத் தகட்டை அரிக்கும், ஓட்டும் மூன்று மாதத்தைவிட ஓட்டாத ஒன்பது மாதத்தில்தான் அடுப்பு அதிகம் கெடுகிறது. உள்ளே பழைய இன்ஜின் ஆயில் துணியால் ஒரு பூச்சு, கதவுகள் இரண்டையும் சாத்தி, புகைபோக்கி வாயில் தகர டப்பா கவிழ்த்துக் கட்டுங்கள். தண்ணீரை வடிக்காதீர்கள், அரைகுறையாக நின்றால் மட்டக்கோட்டில்தான் துரு தொடங்கும். நிறைய வைத்து விடுங்கள், ஐப்பசியில் திறக்கும்போது பூச்சை ஒரு கிலோ குச்சி போட்டு எரித்துவிட்டு, அந்தப் புகை அடங்கிய பிறகே மனைக்குப் புழு கொண்டு வாருங்கள்.